மார்கழியில் மண்டபம் மலிவு

முகூர்த்தம் இல்லாத மாதம்.
நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம்
நான்கு நாளுக்கு
ஒரு வேளைப் பந்தியின் விலைக்குக் கிடைத்தது.
மணமேடையில் ஏழு சைக்கிள்கள் சாய்ந்து நிற்க,
அவற்றின் தலைக்கு மேலே
கார்த்திகையில் மணந்தவர்களின் பெயர்
தெர்மாகோலில் அப்படியே இருந்தது:
கார்குழலி, மகிழன்.
விளக்கை அணைத்த பின்னும்
ஜிகினா கொஞ்சம் மினுங்கியது.

யாருக்கும் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை.
அறுநூறு கிலோமீட்டரை ஒரே மூச்சில் பார்த்தவர்கள்,
தோள்பட்டையில் தகடு வைத்தவர்கள்,
எந்தப் பக்கம் விழலாம் என்று தெரிந்தவர்கள்.
விடிவதற்கு முன் ஒரே சத்தம்,
ஏழு வால்வுகள் காற்றை இறக்கும் சத்தம்.
தார்ச்சாலைக்கு டயர் கல்லாக வேண்டும்,
சரளைக்கு இளக வேண்டும்.
இது தெரிய எனக்குப் பதினோரு வருஷமும்
ஒரு முன்பல்லும் ஆயின.

பெண்ணையாற்றுக் கரையில் பனி
முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கைப்
பொட்டாக்கி, பிறகு விழுங்கிவிடும்.
அப்புறம் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.
மணல் என்றால் உஸ் என்னும்.
கப்பி என்றால் பல் நறநறக்கும்.
களி என்றால் சத்தமே இருக்காது,
அங்கேதான் விழுவோம்.
ஊர்த் தெருக்களில்
கோலங்களுக்கு வழிவிட்டுச்
சாக்கடை ஓரமாக ஒற்றை வரிசையில் போனோம்.
தில்லைநாயகி ஒரு புள்ளியை அழித்துவிட்டு
இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டாள்.
அந்தப் பெண் மாவு டப்பாவை நீட்டினாள்:
"நீயே வெச்சுட்டுப் போ."

காடாம்புலியூர்ப் பக்கம்
தானே புயலுக்குப் பின் நட்ட முந்திரிக்காடு.
செம்மண் மெத்தென்று நம்ப வைத்தது.
அருளப்பனின் பின்சக்கரத்தில் கருவேல முள்.
துளையில் எருக்கம்பால் போல வெள்ளை பொங்கி
நாலு சுற்றில் உறைந்தது.
அவர் இறங்கவேயில்லை.
எனக்குப் பொறாமை,
என் முழங்காலுக்குள் அப்படி ஒரு பால் இல்லை.

மூன்றாம் நாள்
கரும்புக்கொல்லைகளுக்கு நடுவே ஏழு பேர் நுழைந்தோம்.
பாகூர் ஏரிக்கரையில் ஏறி எண்ணினால் ஆறு.
கௌஸ் மரைக்காயரைக் காணோம்.
விசில் அடித்தோம். கொக்குகள்தான் எழுந்தன.
திரும்பி நான்கு கிலோமீட்டர்.
வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்திருந்தார்.
அறுந்த சங்கிலி மடியில் கிடந்தது.
கோத்து மாட்ட அவருக்கு ஐந்து நிமிஷம் போதும்,
கண்ணைக் கட்டிவிட்டால் ஆறு.
முக்கால் மணி நேரமாகியிருந்தது.
"பரங்கிப்பேட்டைல கடை, அப்புறம் வீடு,
அப்புறம் கடை.
இங்க யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கல.
சும்மா உக்காந்துட்டேன்."
திட்டுவதற்காக வேகமாக வந்த அருளப்பன்
சைக்கிளைப் புல்லில் படுக்கவைத்தார்.
எல்லோரும் படுக்கவைத்தோம்.

ஆலைக்குப் போகும் டிராக்டர் ஒன்று நின்றது.
கரும்புப் பாரத்தின் உச்சியிலிருந்து ஒரு பையன்:
"போட்டியா சார்?"
"இல்ல."
"பின்ன, சம்பளமா?"
"நாங்கதான் காசு குடுத்து வந்திருக்கோம்."
கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தான்.
பாவம் என்று நினைத்திருப்பான்,
முழுக் கரும்பு ஒன்றை உருவி எறிந்தான்.
அதை ஏழாக முறிக்க
நாங்கள் சுமந்து வந்த எந்தக் கருவியும் உதவவில்லை.
கடைசியில் என் முழங்கால்தான் உதவியது.

நான்காம் நாளில் சொல்ல அதிகமில்லை.
எதிர்க்காற்று. தேவனாம்பட்டினத்தில் கடல்.
யாரும் இறங்கவில்லை.

மண்டபத்தில் காவல்காரர் வாளியோடு நின்றார்.
வாசலிலிருந்து மணமேடை வரை ஏழு செம்மண் கோடு.
"தை பொறந்ததும் முகூர்த்தம் இருக்கு" என்றார்.
துடைப்பத்தை வாங்கி நாங்களே கழுவினோம்.

வீட்டில் பையைக் கவிழ்த்தேன்:
காய்ந்த சேறு, ஒரு கணு கரும்பு,
ஒட்டிக்கொண்டு வந்திருந்த தெர்மாகோல் ழ.
குழலியினுடையதா மகிழனுடையதா, தெரியவில்லை.
குறுக்கே
யாருடைய டயரோ ஏறிய தடம்.